போர்டுக்குப் பொட்டு

எழில்மதிக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஐ.டி.ஐ. பாஸான அன்று வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டாள். கோயம்புத்தூரில் மெஷின் போர்டு ரிப்பேர் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று, பக்கத்து வீட்டு மிக்ஸியை. இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான். திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அவள் சிரித்த முகத்தோடு வந்தால் ஆயம்மாள் முதலில் வீட்டுச் சாமான்களைத்தான் எடுத்து ஒளித்து வைப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா மகளின் லட்சணம்.

கோவை போதுமென்று நைனார்பாளையத்துக்கே திரும்பியவளுக்கு ஒரே ஆசை. சின்னசேலம் ரோட்டில் சுப்புராயனின் சேகோ மில் வாசலில் ஒற்றை ரூம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கே தன் பெயரில் ஒரு போர்டு மாட்டி ரிப்பேர் கடை திறக்க வேண்டும். அந்த மில் களத்தில்தான் ஆயம்மாள் காலமெல்லாம் சவ்வரிசி காயவைத்துக் கொண்டிருந்தாள். மகள் போய் ரூமைக் கேட்டபோது சுப்புராயன் மீசையைத் தடவிக்கொண்டு மில்லுக்குள் கையைக் காட்டினார்.

"அந்த போர்டை சரி பண்ணு, இந்த போர்டை மாட்டிக்க. ஆயுதபூஜைக்கு டிரம் சுத்தணும். சுத்தலன்னா ரூமை டீக்கடைக்கு வுட்டுருவேன், அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

மரவள்ளிக் கிழங்கு கழுவும் டிரம்மின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் அது. மூடிப்போன ஏதோ மில்லில் பழைய சாமானாக வாங்கிய இரும்பு அலமாரி, உள்ளே சர்க்யூட் போர்டு. செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. சேலத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் எடைக்குப் போடச் சொன்னார்கள். சுப்புராயனுக்கோ அது முதன்முதலாக வாங்கிய மெஷின், விட மனசில்லை.

எழில்மதி பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சலித்து அதே மாடல் போர்டு ஒன்றைப் பிடித்து வந்தாள். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினாள். பழைய போர்டில் துருவைச் சுரண்டிப் பார்த்து, எந்தக் குட்டி சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்ததோ, புதிதிலும் அதே பக்கம் தள்ளினாள். பூஜைக்கு முந்தின நாள் டிரம் தடதடவென்று சுற்றியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஒரு ஆட்டமே போட்டுவிட்டாள்.

ஆயுதபூஜை காலையில் மில் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். மோட்டாருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, சைக்கிளுக்குக்கூடப் பொட்டு. எழில்மதிக்கு மனசு கேட்கவில்லை. உண்மையில் உழைக்கிறவன் உள்ளே இருக்க, வெறும் கதவுக்கு மட்டும் பொட்டா? மெயினை அணைத்துக் கதவைத் திறந்து, போர்டின் நட்ட நடுவில் பன்னீர் சொட்டச் சொட்ட ஒரு பொட்டு வைத்தாள். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

கற்பூரம் காட்டி, எலுமிச்சை நசுக்கி, சுப்புராயன் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. டிரம் அசையவில்லை. மறுபடி போட்டார், மறுபடியும் சிவப்பு. வாசலில் கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லாரி நின்றது. நாளைக்குள் அரைக்காவிட்டால் கிழங்கு கறுத்துப்போகும். டீக்கடைக்காரர் அதற்குள் ரூம் ஜன்னலில் தலையை விட்டு அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா எழிலு, நேத்து ஓடுனது இன்னாத்துக்கு நின்னுச்சி?" என்றார் சுப்புராயன்.

"பாக்கறேங்க ஐயா."

வரும் கரண்ட் சரியாக இருந்தது. பியூஸ் சரி. டிரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குச் சேதி கொண்டுவரும் ஒயர் ஒன்று உண்டு. மீட்டர் வைத்தால், நிற்கிற டிரம் தலைதெறிக்கச் சுற்றுவதாகச் சேதி போகிறது. ஒயரைக் கழற்றினாள். அப்போதும் சுற்றுவதாகவே போர்டு சாதித்தது. அப்படியானால் பொய் சொல்வது போர்டேதான். மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் குனிந்தாள்.

அவள் வைத்த பொட்டு வழிந்து, இரண்டு கம்பிப் பின்களுக்கு நடுவில் பாலம் போட்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் தீர்ந்தது, ரூமும் கைக்கு வரும். நிஜமாகவே துணியை எடுத்தும் விட்டாள். ஆனால் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்து தொலைத்தது. அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க ஏறியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, மொதலாளி நிக்கறாரு, சிரிச்சிக்கினு கெடக்கற?" என்று ஆயம்மாள் பதறி ஓடிவந்தாள்.

"கெடுத்ததே நாந்தாங்க ஐயா," என்றாள் எழில்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ள பொட்டு வச்சேன், சந்தனம் ஈரம். ரூமை டீக்கடைக்காரருக்கே குடுத்துருங்க."

சுப்புராயன் வாயைத் திறக்குமுன், பின்னாலிருந்து அவர் மனைவி கமலாவின் குரல் மெல்ல வந்தது.

"உள்ள வச்சா கெட்டுப்போவுமா? நான் வருஷா வருஷம் வச்சிக்கினு வரேனே. அதுக்கு மட்டும் இல்லன்னா பாவமா இருந்துச்சி. இந்த வருஷம் தொறந்தேன், ஏற்கனவே பொட்டு இருந்துச்சின்னு வுட்டுட்டேன்."

எழில்மதி பழைய போர்டை எடுத்து வந்தாள். துரு என்று அவள் சுரண்டி எறிந்த இடத்தில் மிச்சம் ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்தாள். சந்தனம். சுப்புராயன் போர்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஒவ்வொரு பூஜைக்கும் இது படுத்துக்கும். கண்ணு பட்டுச்சின்னு நானும் பூசணிக்கா ஒடச்சிக்கினே இருக்கேன்," என்றவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே மடியிலிருந்து ரூம் சாவியை எடுத்து எழில்மதியின் கையில் வைத்தார்.

ஸ்பிரிட் தொட்டுப் பிரஷ்ஷால் துடைத்து, காயவைத்து மாட்டினாள். டிரம் சுற்றியது. கமலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பழக்க தோஷத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அலமாரியைப் பார்த்து நடந்தாள். எழில்மதி கதவின் குறுக்கே நின்றுகொண்டாள்.

"போர்டுக்கு வேணாங்கம்மா. வச்சே ஆவணும்னா எனக்கு வைங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். கமலாவின் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக ஆயம்மாளின் முந்தானையில் பூஜைப் பொரியைத் தொட்டுவிடாமல் எட்ட நின்று போட்டுப் பழகிய கை அது. ஆயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கமலா விரலைக் கிண்ணத்தில் தோய்த்தாள். எழில்மதியின் நெற்றியில் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள். பிறகு திரும்பி, "நீயும் வா ஆயம்மா," என்றாள்.

சந்தனத்தில் பன்னீர் அதிகம். எழில்மதியின் நெற்றியிலிருந்து வழிந்து மூக்கு நுனிவரை வந்தது. அதை அவள் துடைக்கவேயில்லை.