மிச்சம் வைத்த கோப்பி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழான வரிசை வீடுகளில், ஒருவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பெரியவளான விசேஷத்துக்குக் கண்டாக்கு ஐயா வந்திருந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மனிதர் எங்கள் வாசலை மிதித்ததே பெரிய காரியம். அம்மா பால் வாங்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் உதட்டில் வைத்ததுபோல வைத்துவிட்டு, கோப்பையை ஸ்டூலில் இறக்கி, "அப்ப வாரேன்" என்று எழுந்துவிட்டார். ஆறிப்போனதை அம்மா வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினாள்.

"நம்ம கை பட்டது அவங்களுக்கு எறங்காது" என்றாள். அன்றைக்குப் பலகாரம் எதுவும் எனக்கு ருசிக்கவில்லை.

இலங்கை மலையகத்து நோர்வூட்டிலிருந்து டுபாய்க்குப் போய்க் கோப்பிக் கடையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அறையில் என்னோடு இருந்தவள் உகண்டாக்காரி. அவளுடைய மலையில் வீட்டுக்கு வீடு கோப்பி மரமாம். ஆனால் இந்தக் கடைக்கு வரும்வரை அவள் கோப்பியை வாயில் வைத்ததே இல்லை. "நாங்க வளக்குறது கோப்பி, குடிக்கிறது தேத்தண்ணி" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் நல்ல தேயிலை கப்பலேறிவிடும், எங்கள் கேத்தலில் கொதிப்பது கழித்த தூள். வளர்த்ததை ருசி பார்க்காத இரண்டு பேர் ஒரே அறையில் கிடந்தோம்.

கடைக்காரர்கள் இளம் ஊழியர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எத்தியோப்பியா, கென்யா, உகண்டாப் பிள்ளைகள். வெல்பவருக்குப் பயிற்சியாளர் வேலை. அது கிடைத்தால் அம்மா கொழுந்து எடுக்கப் போகத் தேவையில்லை. எனக்கு வேறு எந்தக் கனவும் இருக்கவில்லை. நானும் உகண்டாக்காரியும் வேலை முடிந்து நின்று பழகினோம். கறுப்புக் கோப்பி, பால் கோப்பி, கடைசியாக நாமே யோசித்த ஒன்று என்று மூன்று போட வேண்டும். என்னுடைய மூன்றாவது, கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டது. தடிமன், சளி பிடித்தால் அம்மா அப்படித்தான் வைப்பாள்.

போட்டியன்று முதல் இரண்டும் பிசகவில்லை. பால் கோப்பியின் மேல் நுரையில் வரைந்த இலை கூட அழகாக விழுந்தது. பெரிய நடுவர் அதை எடுத்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. முகத்தில் ஒன்றுமே இல்லை. கோப்பையைக் கீழே வைத்து, விரலால் கொஞ்சம் தள்ளியும் வைத்தார்.

நடுவர்கள் ருசி மட்டும்தான் பார்ப்பார்கள், முழுக்கக் குடிக்கமாட்டார்கள் என்று பயிற்சியில் சொல்லித்தான் இருந்தார்கள். அதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ! என் கண்ணுக்கு அந்த மேசை தெரியவில்லை, எங்கள் வீட்டு ஸ்டூல்தான் தெரிந்தது. ஏப்ரனை அவிழ்த்து மேசையில் போட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. மூன்றாவது கோப்பி போடப்படவே இல்லை.

நான் ஒளிந்திருந்த கழிப்பறைக்குள் வந்த உகண்டாக்காரி, நான் சொன்ன காரணத்தைக் கேட்டு என்னைப் பிடித்து உலுக்கினாள். "பைத்தியக்காரி! எல்லாரோடதையுந்தானே அவரு மிச்சம் வச்சாரு!" என்று கத்திவிட்டு, என்னைவிட அதிகமாக அழுதாள். அவளுக்கும் அன்றைக்குப் பரிசில்லை. ஆனால் அவள் மூன்றையும் போட்டு முடித்திருந்தாள்.

ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் அவரவர் மலைக்குத் திரும்பினோம். நான் இப்போது ஹட்டனில் ஒரு பேக்கரியில் நிற்கிறேன். அங்கே கோப்பி என்றால் தூள் பாக்கெட்டை வெட்டிச் சுடுதண்ணி ஊற்றுவது. அம்மா இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள்.

உகண்டாக்காரி அவளுடைய ஊரில் சின்னக் கோப்பிக் கடை வைத்து, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைப் போட்டிகளுக்குப் பழக்குகிறாள். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கள் பக்கம் பெரட்டுக் களத்தில் நின்றால்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துவிட்ட பிறகு அது வெறிச்சென்று கிடக்கும். அங்கே நின்று பார்த்தேன். ஒரு மண்டபம் நிறையச் சனம். கோப்பி வளர்க்கிற கிழவர்கள் வரிசையில் நின்று, தங்கள் மலைக் கோப்பியை வாங்கிக் குடிக்கிறார்கள். மேடையில் ஒரு சின்னப் பெண். நடுவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைக்கிறார். அந்தப் பிள்ளை அசரவில்லை, அடுத்த கோப்பியைப் போடத் திரும்புகிறாள்.

கூடவே உகண்டாக்காரியின் குரலும் வந்திருந்தது. "போட்டிக்கு முந்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன் கதையத்தான் சொல்றேன். அதுக்குப் பெறகு யாருமே மேடையவிட்டு எறங்கினதில்ல."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்தது. எனக்கு அந்த வயது திரும்பக் கிடைக்காது.

அன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றைக் கோப்பிச் செடியில் பறித்துக் காயவைத்திருந்த கொட்டையை வறுத்து இடித்தேன். கொத்தமல்லி, இஞ்சி தட்டிப் போட்டு, போட்டியில் போடாத மூன்றாவது கோப்பியை அம்மாவுக்குக் கொடுத்தேன். முதல் மடக்கிலேயே அவள் முகம் சுளித்தது. ஆனாலும் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"கசந்தா வச்சிரும்மா. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு" என்று அடிவண்டல் வரை அண்ணாந்து குடித்தாள். "நீ போட்டத நான் மிச்சம் வைப்பேனா?"

வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டேன். என் கோப்பி எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் அந்தப் போட்டி மேசையில் வாயெடுத்தார். நான்தான் நின்று கேட்காமல் வந்துவிட்டேன்.