சட்னியில் அரைத்த வெள்ளைக்கரு

என் மாமனாருக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். சமையல் என் பொறுப்பு.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதில் எனக்குப் பாதிதான் ஏறியது. ரத்தத்தில் இரண்டு புரதம் பார்க்கிறார்களாம். ஒன்று கட்டியிலிருந்து வருவது, அது குறைவாக இருக்க வேண்டும். இன்னொன்று ஆல்புமின். அது குறையவே கூடாது.

"இந்த வயசுல அது இறங்கிட்டா ஆபரேஷனைத் தாங்கறது கஷ்டம்மா, அப்புறம் தேறுறதும் கஷ்டம். கொஞ்சம் ஏறட்டும், தேதி குடுக்கறேன். இந்த மாத்திரையோட முட்டை வெள்ளைக்கருவும் குடுங்க."

எட்டாவதில் பெயிலாகிப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எண் என்றாலே எனக்கு மார்க்குதான். மாமா தேறாவிட்டால் அது என் கையால் வந்த பெயில் என்று எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் புரட்டாசி பிறந்திருந்தது. அந்த மாதம் மாமா கவுச்சி தொடமாட்டார். முட்டை வாங்கப் போனால் கடைக்காரர் சிரித்தார். "ஊரே கவுச்சிய வுட்டுட்டு இருக்குது, நீ மட்டும் வாங்கிகினு போறியேக்கா. பெருமாள் உனக்கு மட்டும் லீவு குடுத்துட்டாரா?"

நாய்க்குட்டிக்கு என்றேன். எங்கள் வீட்டில் நாயே கிடையாது.

அவித்து, வெள்ளையை மட்டும் தேங்காய்ச் சட்னியோடு மிக்ஸியில் அரைத்தேன். முட்டை ஓடுகளைப் பேப்பரில் சுற்றி அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மாமா நாமம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னாம்மா, சட்னி வெண்ணெயாட்டம் இருக்குது. இன்னம் கொஞ்சம் வையி."

தலையைக் குனிந்துகொண்டு வைத்தேன். தினமும் வைத்தேன்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆல்புமின் ஏறியிருந்தது. மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக்கொண்டே சொன்னார்: "குடல்ல இருந்த தொற்று மாத்திரையில அடங்கிடுச்சு. அது இருந்தவரைக்கும் என்ன சாப்பிட்டாலும் இது ஏறியிருக்காது."

பதறிப்போய் வாய் முந்திக்கொண்டது. "அப்ப முட்டையால ஏறலீங்களா?"

"முட்டையும் நல்லதுதாம்மா" என்றார் டாக்டர், நிமிராமலே. மாமா நிமிர்ந்தார்.

"எந்த முட்டை?"

நர்ஸ் முன்னால், அடுத்த நோயாளி முன்னால், நான் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் அவர் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் சின்னக் குண்டானை எடுத்து அரிசி களைந்தார்.

"எனக்கு நானே ஆக்கிக்கிறன்."

வெறும் கஞ்சிதான் குடித்தார். இப்படியே போனால் ஏறினது இறங்கிவிடுமே என்று பயம். அதை இறக்குவதும் நான்தானே என்று நினைக்கையில் உடம்பு கூசியது.

மறுநாள் அடுப்படி வாசலில் நின்றபடி, "தப்புதாங்க மாமா" என்றேன்.

கஞ்சியைத் துழாவிக்கொண்டே பேசினார். "பயந்துட்ட, அது தெரியுது. ஒரு வார்த்த கேட்டிருந்தா பெருமாள்கிட்ட சொல்லிட்டு நானே தின்னிருப்பன். எனக்கு மட்டும் உசுரு மேல ஆச இல்லியா?"

கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று அவருக்கும் சேர்த்து நானே முடிவு பண்ணிவிட்டேன்.

"இப்ப ஒண்ணு வேகவைக்கட்டுங்களா?" முகத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

மாமா கஞ்சிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"வையி. உரிச்சி முழுசா கொண்டா. என்னா திங்கறன்னு தெரிஞ்சி திங்கறன்."