டிம்மருக்கு ஒத்துவராத பல்பு

போன வாரம், பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் கடைத்தெருவிலிருந்து ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தாள். டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. "இதெல்லாம் பாத்து வாங்கணும்மா, கண்டதையும் மாட்டக் கூடாது" என்று எனக்கே பாடம் எடுத்தாள். அடிப்பாவி! அந்தப் பாடத்தை நான் படித்ததே உன்னால்தானடி என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆலங்குடியில் எங்கள் வீட்டு ஹால் சுவரில் டிம்மர் என்று ஒரு திருகு உண்டு. திருகினால் பல்பின் வெளிச்சம் கூடும், குறையும். சவூதியில் பெரிய ஹோட்டல்களுக்கு விளக்கு மாட்டுகிற வேலையில் இருந்த என் வீட்டுக்காரர், கல்யாணமான புதிதில் கொண்டுவந்து பொருத்தியது. வருகிறவர்கள் ஃபேன் ரெகுலேட்டர் என்று நினைத்துத் திருகிவிட்டு, "என்னங்க இது, ஃபேன் சுத்தாம லைட்டு மங்குது?" என்பார்கள். சாயங்காலம் அவர் அதைப் பாதிக்குக் குறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். குண்டு பல்பின் அந்த நெய் நிற வெளிச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

மகள் நாற்பது நாள் பிள்ளையாக இருந்தபோது அவர் திரும்பிப் போனார். அதன்பிறகு மூன்று வருடம் அவளுக்கு அத்தா என்றால் போன்தான். அங்கே அவருடைய அறையில் இரவு ஷிப்டுக்காரர்கள் ஜன்னலை அடைத்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள். அதனால் விளக்குப் போடாமல், போன் வெளிச்சத்திலேயே வீடியோவில் பேசுவார். அரை இருட்டில் தெரிகிற முகம்தான் அவளுக்குத் தெரிந்த முகம். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அவர் லீவில் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வீட்டை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் ஒரு காரியம் செய்தேன். கரண்டு மிச்சமாகும் என்று ஊரே சுருள் குழாய் மாதிரியான சி.எஃப்.எல். பல்புக்கு மாறிக்கொண்டிருந்தது. நானும் ஹாலில் இருந்த குண்டு பல்பைக் கழற்றி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குச் சூடு காட்டக் கொடுத்துவிட்டு, புதியதை மாட்டினேன். வீடு பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரே பெருமை.

அவர் வந்து இறங்கிக் கை நீட்டினார். பிள்ளை வீலென்று அலறி என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். "அத்தாடா" என்றால், "இல்ல, அத்தா போன்ல இருக்காங்க" என்று போனைக் காட்டினாள். பொம்மை, சாக்லேட்டு, ஒன்றும் எடுபடவில்லை. இப்படியே மூன்று வாரம் ஓடிப்போனது. இந்த அமளியில் அவர் திருகையோ பல்பையோ கவனிக்கவே இல்லை. ஒருநாள் சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் போறதுக்குள்ள ஒரு தடவயாச்சும் அத்தான்னு கூப்புடுவாளா புள்ள?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டவருக்கே சட்டென்று ஏதோ பிடிபட்டது. "இவ்வளவு வெளிச்சத்துல அவ என்னையப் பாத்ததே இல்லையே!" என்று எழுந்து போய்த் திருகைக் குறைத்தார். சுருள் பல்பு ஙொய்யென்று இரைந்தது, வெட்டி வெட்டி எரிந்தது, பொசுக்கென்று அணைந்துபோனது. பிள்ளை போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"எந்த மடையன் இத டிம்மர்ல மாட்டுனது?" என்றார்.

"நான்தான்! ஊரு ஹோட்டலுக்கெல்லாம் லைட்டு மாட்டுறீங்களே, வீட்ல இருக்கவகிட்ட இத ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனீங்களா?" என்று கத்திவிட்டு நானே அழுதேன். அவர் விடிவிளக்கைப் போட்டுப் பார்த்தார். பச்சை வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கண்டு பிள்ளை இன்னும் மோசமாக அலறினாள்.

கடை வரைக்கும் போக எனக்குப் பொறுமையில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "கோழிக்குஞ்செல்லாம் வெறைச்சுப் போயிருமேடி" என்றார் அக்கா. "நாளைக்கே ஒங்களுக்கு ரெண்டு பல்பு வாங்கித் தாரேன், இப்ப இதக் குடுங்கக்கா" என்று, சூடு ஆறாத பல்பை முந்தானையில் சுற்றிப் பிடுங்காத குறையாகக் கொண்டுவந்தேன்.

அவர் அதை மாட்டித் திருகைக் குறைத்தார். வெளிச்சம் அமைதியாக இறங்கியது. பிள்ளையைக் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, தினமும் போனில் கேட்பதையே கேட்டார். "என் தங்கம் சாப்புட்டுச்சா?"

பிள்ளையின் அழுகை நின்றது. என் சேலையை விட்டுவிட்டு மெல்ல நடந்து போனாள். ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தா, போன்லேருந்து எப்ப எறங்குனீங்க?"

"இப்பத்தாண்டா" என்றார்.

அவர் விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.