கொல்லைப் பாதை

எங்கள் ஊர் நன்னிலத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தெருவில் வாசல் பக்கம் ஆண்களுக்கு, கொல்லைப் பக்கம் பெண்களுக்கு என்று ஒரு ஏற்பாடு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. வாசலில் இறங்கினால் கடைத்தெரு, பள்ளிவாசல், பஸ் நிற்கும் இடம். கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் வாய்க்கால் கரை. கரையோடு கொஞ்ச தூரம் போய் வரப்பில் ஏறினால், வரப்பு முடிகிற இடத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பின்பக்கம். பக்கத்திலேயே பிரசவ ஆஸ்பத்திரி. நாங்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனதும், எங்கள் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அந்த வழியாகத்தான்.

ஆண்கள் அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டார்கள். அவசரத்துக்கு ஒருவர் வந்துவிட்டாலும், தூரத்தில் துப்பட்டி தெரிந்ததும் திரும்பிவிடுவார். திரும்ப நேரமில்லை என்றால் வயலில் இறங்கி, நாங்கள் கடந்து போகிற வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அது எங்களுக்குக் கொடுத்த மரியாதை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் எங்களைக் கவிழ்த்தது அந்த மரியாதைதான்.

தொண்ணூறுகளில் தெருவில் ஆண்களே குறைவு. பையனுக்கு மீசை முளைத்தால் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால் விசா. வெளிநாடு போனவர்களைச் சபராளி என்போம். வீட்டுக்கு ஒரு சபராளி இருந்தார். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். வீட்டு நிலம், தோப்பு, வயல் எல்லாம் அவர்கள் பெயரில். அதில் குடியிருந்ததும், தேங்காய் பொறுக்கியதும், குத்தகை நெல்லை அளந்து வாங்கியதும் நாங்கள்.

அப்போதுதான் புறவழிச்சாலை என்று பேச்சு வந்தது. கடைத்தெருவில் லாரி திரும்ப முடியவில்லை, பஸ் அரை மணி நேரம் நிற்கிறது, அதனால் ஊருக்கு வெளியே ஒரு ரோடு. நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஊருக்கு வெளியே என்று அவர்கள் சொன்னது எங்கள் கொல்லையை என்பது எனக்குத் தெரியாது. என் மகள்தான் வந்து சொன்னாள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. கையெழுத்து அழகாக இருக்கும் என்று தினமும் பள்ளிக்கூட வாசல் பலகையில் குறள் எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே போய்விடுவாள்.

"அம்மா, நம்ம பாதைக்கு நடுவுல சிவப்பு பெயின்ட் அடிச்சு கல்லு நட்டிருக்காங்க. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல ரோடு வரப்போவுதாம்."

போய்ப் பார்த்தேன். தோப்புக்கும் வயலுக்கும் நடுவில் கல் வரிசையாகப் போயிருந்தது. வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம், அதனால் மண்ணைக் கொட்டி ஆள் உயரத்துக்கு மேல் மேடாக்கித்தான் ரோடு போடுவார்களாம். குத்தகைக்கு அந்த வயலைச் செய்துகொண்டிருந்தவர் சொன்னார். அப்படியானால் பிள்ளைகள் மேட்டில் ஏறி, லாரிக்கு நடுவே ஓடி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இல்லையென்றால் கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். எங்கள் தெருவில் வயசுக்கு வந்த பெண் கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனதில்லை. அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன். அந்தப் பாதை இருந்ததால்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள், பாதை போனால் படிப்பும் போய்விடும். பெண்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

நாங்கள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. ரோட்டுக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி ஒரு வழி.

ஜமாத் செயலாளரிடம் போனோம். ஜவுளிக்கடை வைத்திருந்தார், நல்ல மனிதர். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அழுத புள்ளைக்குத்தாம்மா பால். விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்க, அதுல சொல்லணும். ஆனா நிலம் யார் பேருல இருக்கோ அவங்க சொன்னாத்தான் எடுபடும்."

"அவங்க எல்லாம் அங்க இருக்காங்களே."

"அதாம்மா யோசிக்கிறேன்."

அப்போது வீட்டில் போன் கிடையாது. சபராளிகளுக்கும் எங்களுக்கும் கேசட்தான். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னில் பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவோம். மாமியார் பேசுவார், பிள்ளை ஓதிக்காட்டும், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பேசுவோம். அதனால் செயலாளருக்கு அந்த யோசனை வந்தது. எல்லாச் சபராளிகளும் ஒரே கேசட்டில் ஆட்சேபணையைப் பேசி அனுப்பட்டும், விசாரணையில் போட்டுக் காட்டிவிடலாம் என்றார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய புத்தியாகத் தெரிந்தது.

நான் என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் முழுக்கப் பேசினேன். கல் எங்கே நட்டிருக்கிறது, வரப்பு எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் வழி விட வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும், எல்லாம் சொன்னேன். "மச்சான், நிலம் போனா போவட்டும், புள்ளைங்க போற வழிய மட்டும் விடச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். இடையில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதால் அந்த இடத்தை மறுபடியும் பேசினேன்.

பதில் கேசட் விசாரணைக்கு முதல் நாள்தான் வந்தது. செயலாளர் பெயருக்கு வந்ததால் நேராக அவர் கடைக்குப் போய்விட்டது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

விசாரணை யூனியன் ஆபீஸ் ஹாலில். நில எடுப்புத் தாசில்தார் மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஊரார். நாங்கள் பெண்கள் கொஞ்சம் பேர் கடைசி பெஞ்சில். தாசில்தாரும் பாவம், அன்றைக்குக் காலையிலிருந்து பல ஊர்ச் சண்டையைக் கேட்டுக் களைத்திருந்தார். செயலாளர் டூ இன் ஒன்னை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் குமாஸ்தா சிரித்துவிட்டார். தாசில்தார் சிரிக்கவில்லை.

"இது எனக்குப் புதுசு. போடுங்க, கேப்போம்."

முதலில் சலாம். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர் சொல்லிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை லீவில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒருவர் காய்க்கிற தென்னைக்குத் தனியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். ஒருவர் போர்வெல் போட்டதைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். இன்னொருவர், மிச்ச நிலம் ரோட்டைப் பார்த்து இருந்தால் கடை கட்ட அனுமதி உண்டா என்று கேட்டார். பாதை என்கிற சொல் வரவே இல்லை. நான் என் வீட்டுக்காரர் குரலுக்காகக் காத்திருந்தேன்.

அவர் நன்றாகப் பேசுவார். அன்றும் நன்றாகத்தான் பேசினார். "சார், ரோடு வர்றது ஊருக்கு நல்லதுதான். நாங்க தடுக்கலை. அந்தக் கொல்லைப் பக்கம் சும்மா கிடக்கிற எடம்தான். நியாயமான விலை கொடுத்தா போதும்" என்றார். பிறகு கொஞ்சம் இடைவெளி. யாரோ பக்கத்திலிருந்து நினைவுபடுத்திய மாதிரி இருந்தது. "அப்புறம், பொம்பளைங்க ஏதோ பாதை விஷயம் சொன்னாங்க. அதையும் கொஞ்சம் பாத்துக்குங்க சார். அஸ்ஸலாமு அலைக்கும்."

கேசட் நின்றது. சும்மா கிடக்கிற இடம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கொல்லைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் ஒழுக்கமான மனிதர், அங்கே போனதில்லை.

"என்ன பாதை?" என்று தாசில்தார் கேட்டார். செயலாளர் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்தேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிள்ளைகள், எல்லாம் சொன்னேன். வழி எந்த உயரத்துக்கு வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டேன். பந்தியிலேயே உட்காராதே என்கிறபோது இலை பொத்தல் என்ற கதை.

"உங்க பேருல அங்க நிலம் இருக்காம்மா?"

"இல்லைங்க."

"வரைபடத்துல அப்படி ஒரு பாதையே இல்லையேம்மா. பட்டா நிலத்து வரப்பு அது." மேசையில் விரித்திருந்த படத்தை எனக்காகத் திருப்பிக் காட்டினார். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "இதுல ஆளுங்க நடக்கிறாங்கன்னு உங்கள்ல யாராவது சொல்ல முடியுமா? நடந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடந்தேன் என்று சொன்னால் பெண்கள் போகிற வழியில் இவனுக்கு என்ன வேலை என்று ஆகிவிடும். செயலாளர் தரையைப் பார்த்தார். குத்தகைக்காரர் மட்டும் எழுந்தார்.

"நடக்கிறாங்கங்க. எங்க வரப்புலதான். அவங்க வர்றப்ப நான் திரும்பி நின்னுக்குவேன், அதனால எத்தனை பேருன்னு சொல்லத் தெரியலை."

ஹாலில் சிரிப்பு. அவர் சிரிக்காமல் தொடர்ந்தார். வரப்பை ஒட்டி ஓடுகிற வடிகாலில் தண்ணீர் போக வழி விடாவிட்டால் அத்தனை வயலும் மூழ்கிவிடும் என்றார். தாசில்தார் படத்தைப் பார்த்தார். வடிகால் அதில் நீலக் கோடாக இருந்தது. அதற்கு ஒரு பாலம் வரும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அன்று இரவு என் வீட்டுக்காரரைத் திட்டி ஒரு கேசட் பேசினேன். அனுப்பவில்லை. அதன் மேலேயே மழை, மாமியாருக்குச் சர்க்கரை, மகள் வாங்கின மார்க் என்று பேசி அனுப்பினேன். பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். திரும்பவும் போனோம். ஒவ்வொரு தடவையும் யார் பெயரில் பட்டா என்று கேட்டார்கள். கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ்ஸில் போய், வெயிலில் நின்று, மனுவை நீட்டிவிட்டுத் திரும்பி வருவது சமைப்பதை விடக் களைப்பான வேலை.

ரோடு வந்தது. வடிகாலுக்கு ஒற்றைக் கண் வைத்துச் சின்னப் பாலமும் வந்தது. கோடையில் வடிகால் காய்ந்து கிடக்கும்போது பிள்ளைகள் புத்தகப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனார்கள். என் மகளும் போனாள். பாவாடை ஓரத்தில் சேறு, தலைமுடியில் சிலந்திக்கூடு. "பரவாயில்லம்மா, போயிடலாம்" என்பாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

ஐப்பசி மழை பிடித்தது. பாலத்துக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு பிள்ளைகள் மேட்டில் ஏறி ரோட்டைக் கடக்கப் பார்த்து, லாரி அடித்த பிரேக்கில் கத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதன் பிறகு எந்த வீட்டிலும் அனுப்பவில்லை. கடைத்தெரு வழியாக நானே கூட்டிப் போகிறேன் என்றேன். சில நாள் போனோம். மாமியார் படுக்கையில் விழுந்தார், என்னால் நகர முடியவில்லை. தண்ணீர் வடிய தை மாதம் ஆனது. அதற்குள் அவள் பெரிய மனுஷியாகிவிட்டாள். ஷார்ஜாவிலிருந்து கேசட் வந்தது: "படிச்ச வரைக்கும் போதும் புள்ள. வீட்டுல உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்." அவள் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கேசட்டைத் திருப்பிப் போட்டாள், மறுபக்கம் அத்தா என்ன பேசியிருக்கிறார் என்று கேட்க.

எனக்கு அழுகை வந்தது. ரோட்டின் மேல் கோபம் வந்தது, தாசில்தார் மேல் வந்தது, அந்த நல்ல மனிதர்கள் அத்தனை பேர் மேலும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் என்ன செய்ய முடியும்? மீன் கழுவினேன்.

பல வருடம் போயிற்று. மகளுக்குக் கல்யாணம் ஆனது, மாப்பிள்ளையும் சபராளி. கொல்லைப் பக்க மனையை என் வீட்டுக்காரர் மகள் பெயரில் எழுதி வைத்தார். போன வருடம் அதே ரோட்டை நாலு வழியாக்கப் போகிறார்கள் என்று கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கல்யாண மண்டபம், மைக், தண்ணீர் பாட்டில், பெண்களுக்கு முன்வரிசை. மேசையில் ஒரு பெண் அதிகாரி. நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே மகளோடு போனேன். அடியில் ஒரு வழி, நிமிர்ந்து நடக்கிற மாதிரி.

அந்த அதிகாரி நிலக்காரர் பட்டியலைப் பார்த்து என் மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். மைக்கை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

"பெண்கள் கருத்தைக் கண்டிப்பா பதிவு பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. உங்க பேருல பட்டா இருக்கு, நீங்க சொன்னா நாங்க எழுதியாகணும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்வர வழி ஏதாவது வேணுமாம்மா? தயங்காமச் சொல்லுங்க."

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "நாங்க அந்தப் பக்கம் போறதே இல்லை."