ஜெயராமின் சுட்டுவிரல்

கொல்கத்தாவின் பவானிபூரில் ஜெயராமைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. வங்கி அதிகாரியாக இருந்தவர். பூஜா பந்தலில் வங்காளிகளோடு வங்காளியாக நின்று வாக்குவாதம் செய்வார். நரம்பு நோய் வந்து கையும் காலும் விழுந்தன. பிறகு பேச்சும் நின்றது. வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். அந்தக் கையால் மவுஸை மெல்ல நகர்த்தி, திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பேசினார். காய்கறிக்காரன் ஏமாற்றுவதைக்கூட அப்படித்தான் மனைவி மாதவியிடம் சொல்லுவார்.

அன்று பிற்பகல் மாதவி அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, துணி மடிக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. கை அசைந்தது, திரையில் அம்பு அசையவில்லை.

நெஞ்சு வலியா என்று கேட்டாள். ஆம் என்றால் ஒருமுறை இமைப்பார், இல்லையென்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இறுக மூடினார். தண்ணீரா? மூடினார். மூச்சு முட்டுகிறதா? மூடினார். பிறகு கண்கள் சமையலறைப் பக்கம் போயின.

"காபி போடட்டுமாங்க?"

அவர் இன்னும் வேகமாகக் கண்ணை இறுக மூடினார். உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்றே நினைத்தாள். சால்ட் லேக்கில் அலுவலகத்தில் இருந்த மகள் சாய்பிரியாவுக்கு போன் போட்டாள்.

மவுஸுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மகள் கேட்டாள். எரிந்தது. வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகச் சொன்னாள். செருகியும் அம்பு அசையவில்லை. கீபோர்டிலேயே அம்புக்குறிகளை அழுத்தி எப்படி ரீஸ்டார்ட் செய்வதென்று சொல்லிக்கொடுத்தாள். பழைய கம்ப்யூட்டர். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெயராம் கண்ணெடுக்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை வந்தது. அம்பு வந்தது. நகரவில்லை.

"அம்மா, மவுஸ் எது மேல இருக்கு?"

"மேஜை மேலதான். சாப்பாடு சிந்தினா துடைக்க சுலபமா இருக்கும்னு காலையில கண்ணாடி போட்டேன்."

"கண்ணாடி மேல அது ஓடாதும்மா. அடியில ஏதாவது பேப்பரை வை."

மாதவி அன்றைய செய்தித்தாளை மடித்து மவுஸுக்கு அடியில் தள்ளி, அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். அம்பு நகர்ந்தது. ஒரு எழுத்து விழுந்தது: கே. விரல் வழுக்கியது. மறுபடி நகர்த்தினார்.

கேஸ்.

கோவிட் வந்து போனதிலிருந்து மாதவிக்கு வாசனை தெரியாது. "கேஸாம்" என்று போனில் மகளிடம் சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். அடுப்பில் அவள் வைத்து மறந்த பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தே கிடந்தது. காபி போடவென்று அவள் வந்திருந்தால் முதலில் லைட்டரைத்தான் எடுத்திருப்பாள்.

திருகை மூடி, சிலிண்டரையும் மூடினாள். போனில் சாய்பிரியா கத்திக்கொண்டிருந்தாள்: "ஸ்விட்ச் எதையும் தொடாதேம்மா. ஜன்னலைத் திற. அப்பாவை வெளியில தள்ளிட்டுப் போ."

சக்கர நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணியை அழைத்தாள். அவரும் வாசலில் வந்து நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். கீழே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மாதவி தரையில் உட்கார்ந்து கணவரின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஜெயராம் ஒருமுறை இமைத்தார்.