சாவி எழுதாத செய்தி

அவளுக்கு வகுப்பில் சாவி என்று பெயர் வைத்தவன் மைக். அவனுக்கு மைக் என்று பெயர் வைத்தவள் அவள். இரண்டு பெயரும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டன. இரண்டு பேருக்கும் ஆகாமல் போனதும் அப்போதுதான்.

அவன் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட ஊருக்கு அறிவிப்பதுபோலத்தான் சொல்வான். அவளுடைய அப்பா பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டாலே படிக்கட்டில் சிகரெட் பிடிக்கிறவர்கள் சிதறுவார்கள். ஊழியர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் அவள் இதழியல் படிக்கச் சேர்ந்திருந்தாள். "நாமெல்லாம் பரீட்சை எழுதி வந்தோம். இவ சாவி போட்டுத் திறந்துக்கிட்டு வந்தவ" என்று மைக் உணவகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். யார் யார் சிரித்தார்கள் என்பதை அவள் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

செய்தி எழுதக் கற்றுத்தந்த ஆசிரியையும் லேசுப்பட்டவர் இல்லை. நாளிதழ் ஒன்றில் பிறர் எழுதியதை வெட்டியும் திருத்தியுமே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். மாணவர்கள் அவரைக் கத்தரி என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது. அதற்காக அவர் கோபப்பட்டதும் இல்லை, வெட்டுவதைக் குறைத்துக்கொண்டதும் இல்லை.

முதல் பயிற்சி, பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு பேருந்து மரத்தில் மோதிய செய்தி. சாவி இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கி, ‘மரணம் ஒரு மரத்தடியில் காத்திருந்தது’ என்று ஆரம்பித்திருந்தாள். கத்தரி அதை வகுப்புக்கே உரக்கப் படித்தார்.

"யாராவது செத்தாங்களா?"

"இல்லை மேடம். டிரைவருக்குக் கையில அடி."

"அப்புறம் மரணம் எதுக்குக் காத்திருந்துச்சு? அதுக்கு வேற வேலை இல்லையா?"

வகுப்பு சிரித்தது. எல்லாருக்கும் மேலே மைக்கின் சிரிப்பு கேட்டது. கத்தரி அவன் தாளையும் எடுத்தார். ஓட்டுநரின் வயதை விசாரிக்காமல் ஏறக்குறைய நாற்பது என்று எழுதியிருந்தான். "ஏறக்குறையங்கறது எந்த ஆஸ்பத்திரில பிறந்த வயசு?" என்றார். அவன் சிரிப்பும் அடங்கியது. அன்று சாவிக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

"பரபரப்பு, சோகம், அதிர்ச்சி எல்லாம் உங்க டைரில இருக்கட்டும்" என்றார் கத்தரி. "யாரு, என்ன, எங்க, எப்ப. இதை முதல்ல சொல்லுங்க. ஏன், எப்படின்னு தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எந்த வரியைத் தொட்டாலும், இதை யார் சொன்னதுன்னு நான் கேட்டா ஒரு ஆளைக் காட்டணும்."

சாவி அதைப் பக்தியால் கற்றுக்கொள்ளவில்லை, வன்மத்தால் கற்றுக்கொண்டாள். இந்த அம்மாள் சிவப்பு மையை எங்கே வைப்பாள் என்று யோசித்து யோசித்து, வைக்க இடமில்லாமல் எழுத வேண்டும் என்பதுதான் அவள் லட்சியம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அம்மா பக்கத்து வீட்டுக் கதை ஏதாவது எடுத்தால், "யாரு சொன்னது? நேர்ல பார்த்தாங்களா?" என்று குறுக்கே விழுவாள். அப்பாவுக்கு எரிச்சலாக வரும். மகளைக் கணக்கியல் படிக்க வைக்க வேண்டும் என்றிருந்தவர் அவர். "ஊர் வம்பு பேசறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பரீட்சை" என்பார். அவளிடம் நேராகச் சொல்லமாட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார்.

அந்த வருஷ மழை ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் நூலக வாசிப்பறையின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அடியில் உட்கார்ந்திருந்த வேதியியல் மாணவிக்குக் காறை எலும்பு முறிந்தது. மதியத்துக்குள் பதிவாளர் அலுவலகம் ஒரு அறிவிப்பை ஒட்டியது. சிறிய விரிசல்தான் என்றும், பராமரிப்புப் பிரிவின் கவனக்குறைவு விசாரிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. மாணவர்களின் பயிற்சி இதழுக்கு அந்தச் செய்தியை எழுதக் கத்தரி சாவியை அனுப்பினார்.

அவள் மருத்துவமனைக்குப் போனாள், நூலகத்துக்குப் போனாள். நூலக உதவியாளர் கொட்டித் தீர்த்தார். "மழை நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேம்மா. ஒழுகுதுன்னு சொன்னேன், விரிஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கட்டடப் பிரிவு மேற்பார்வையாளர்கிட்டதான். வேற யார்கிட்ட சொல்றது?"

அவள் யாரென்று அறியாமல்தான் அவர் சொன்னார். அவளுக்குத்தான் அதற்குமேல் கேள்வி எழவில்லை. எழுதும்போது, ‘இது குறித்து முன்பே தெரிவிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று ஒரு வரி போட்டுத் தாளைக் கொடுத்தாள்.

கத்தரியின் பேனா அந்த வரியில் வந்து நின்றது. "தெரிவிக்கப்பட்டது. யார்கிட்ட? கூறப்படுகிறது. யாரால? இப்படி ஒரு வாக்கியத்தை எழுதறவங்க ஒண்ணு சோம்பேறியா இருக்கணும், இல்லை எதையோ ஒளிக்கணும். நீ எது?"

பின் வரிசையிலிருந்து மைக் வாயைத் திறந்தான். "மேடம், மேற்பார்வையாளர் அவங்க அப்பா. சாவின்னு பேரு வந்ததே அதனாலதான்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்பாவைப் பத்திப் பொண்ணு எழுதக்கூடாது. நல்லதா எழுதினாலும் நம்பமாட்டாங்க, கெட்டதா எழுதினாலும் நம்பமாட்டாங்க. அதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாததுக்கு இந்தப் பயிற்சில உனக்கு மார்க் இல்லை." அவளுடைய குறிப்புகளை வாங்கி மைக்கிடம் நீட்டினார். "நீ எழுது."

யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், அவனிடமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. குறிப்புகளை வாங்கும்போது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே சாவிக்கொத்தை மேசையில் வீசினார். "எவனோ இவ வகுப்புப் பையனாம். போன் பண்ணிக் கேள்வி கேக்கறான். கூரை விழுந்ததுக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு. நம்பரை இவதான் கொடுத்திருப்பா."

"நான் கொடுக்கலை. உங்க நம்பர் எல்லா லிஃப்ட்லயும் ஒட்டியிருக்கு" என்றாள் சாவி.

"கேட்டியா பேச்சை? பெத்த அப்பனை நாலு பேருக்கு முன்னால நிறுத்தத்தான் படிக்கப் போனா போல."

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வைடா போனைன்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்? அந்த ரூமைப் பூட்டி வச்சவனே நான்தான். பரீட்சை வருது, பசங்களுக்கு உட்கார இடம் இல்லை, திறன்னு வந்து நின்னது யாரு? அதை எவன் எழுதப்போறான்?"

சாவி நிமிர்ந்தாள். "யார் வந்தது? எப்ப?"

அந்தக் கேள்வியை அவள் அந்த வீட்டில் எத்தனையோ தடவை குத்திக்காட்டுவதற்காகவே கேட்டிருந்தாள். இப்போது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. "என்னையே விசாரிக்கிறியா நீ?" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நேராக அவளிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் அவள் கத்தரியின் அறைக்குப் போய்ச் சொன்னாள். மைக்கும் அங்கே இருந்தான்.

"நீ பார்த்தியா?" என்று கத்தரி கேட்டார்.

"இல்லை. அப்பா சொன்னார்."

"அவர் உனக்குச் சொன்னார். இதழுக்குச் சொல்லலை. அவரே இவன்கிட்ட சொல்லணும்."

மைக் மெதுவாகப் பேச முயன்றான். அவனுக்கு அது வராது. "நாளைக்கு மதியம் அச்சுக்குப் போகணும். அதுவரைக்கும் அவர் பேசலைன்னா, பேச மறுத்துவிட்டார்னுதான் போடுவேன்."

"தெரியும். நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

அன்று வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எதிரே போய் நின்றாள். "நீங்க பேசாம இருந்தா, உதவியாளர் சொன்னது மட்டும்தான் வரும். சொல்லிச் சொல்லியும் நீங்க கண்டுக்கலைன்னு ஆகிடும். அந்தப் பையன் எனக்கு ஆகாதவன். ஆனா நீங்க சொல்றதைப் போடுவான்."

அப்பா தட்டைப் பார்த்தபடியே, "இவளை நகரச் சொல்லு. வெளிச்சத்தை மறைக்கிறா" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வராண்டாவில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அப்பா கதவருகே வந்து நின்றார். சீருடைச் சட்டையில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது.

"போன் பண்ணின பையன் யாரு?"

மைக் எழுந்தான். கத்தரி நடுவில் வந்தார். "உட்காருங்க. சாவி, நீ வெளியே போ."

அப்பா திரும்பினார். "அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறீங்க?"

கத்தரிக்கு முகம் சற்று மாறியது. சாவி புத்தகப் பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து சுவரோரமாக நின்றாள். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்று அப்பாவின் குரல் கேட்டது.

"காட்டமாட்டோம்" என்றார் கத்தரி.

"அப்புறம் எதை நம்பிப் பேசறது?"

"எங்களை நம்பச் சொல்லலை. நீங்க சொன்னது சொன்ன மாதிரி வரும். மாறி வந்தா திரும்ப வந்து என்னோட சண்டை போடுங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அப்பா பேசினார். விரிசலைப் பார்த்ததும் அறையைப் பூட்டியது தான்தான் என்றார். பரீட்சைக்கு முந்தைய வாரம் உதவிப் பதிவாளர் நேரில் வந்து, திறந்துவிடச் சொன்னார் என்றார். விழுந்தால் யார் பொறுப்பு என்று தான் கேட்டதற்கு, வேலையைப் பார் என்று பதில் வந்தது என்றார். "திறந்தது நான். அதையும் எழுதிக்கோ" என்று முடித்தார்.

"வேற யாராவது கேட்டாங்களா அதை?" என்றான் மைக்.

"நூலக உதவியாளர் பக்கத்துலதான் நின்னார். போய்க் கேளு."

மைக் ஓடினான். உதவியாளர் மென்று விழுங்கி, ஆமாம் என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார். அவரிடம் முதலில் போனவள் சாவி. அடுத்த கேள்வியைக் கேட்காமல் திரும்பிவந்தவளும் அவள்தான். உதவிப் பதிவாளர், அப்படி எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாருடைய சொல்லும் அவரவர் பெயரோடு முதல் பக்கத்தில் வந்தது. செய்தியின் தலையில் மைக்கின் பெயர் இருந்தது. சாவி அதைக் குறை கண்டுபிடிப்பதற்காகவே இரண்டு தடவை படித்தாள். ஒரு சந்திப்பிழை இருந்தது, அவ்வளவுதான்.

வாசிப்பறையை மூடிக் கூரையைப் புதிதாகப் போட்டார்கள். வேதியியல் மாணவியின் சிகிச்சைச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றது. உதவிப் பதிவாளர் அதே நாற்காலியில் இருந்தார். அப்பாவுக்கு மட்டும், அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேசியதற்காக வேலை மாறியது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, வளாகத்தின் கடைசியிலிருக்கும் நீரேற்று அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பேசாம இருந்திருந்தா பேர் மட்டும்தான் கெட்டிருக்கும். இவ பேச்சைக் கேட்டு சாவிக்கொத்தும் போய் மோட்டார் பக்கத்துல உட்கார வேண்டியதாச்சு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்னதில் தவறாக ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் அவரைப் பேசச் சொன்னது தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் வளைய வருவது கஷ்டமாக இருந்தது. அம்மா ஒருவருக்கும் பரிந்து பேசாமல் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டாள்.

வகுப்பில் அவளைச் சாவி என்று கூப்பிடுவதை மைக் நிறுத்திவிட்டான். அவள் அவனை மைக் என்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் அவன் வந்து, "உங்க அப்பாவுக்கு இப்படி ஆகும்னு நான் நினைக்கலை" என்றான். "நினைச்சிருந்தா எழுதாம இருந்திருப்பியா?" என்று கேட்டாள். அவன் யோசித்து, இல்லை என்றான். "அப்புறம் எதுக்கு வந்து சொல்றே?" என்று நகர்ந்துவிட்டாள்.

இரண்டாம் வருஷம் விடுதியில் தண்ணீர் சரியாக வரவில்லை. அந்தச் செய்தியை எழுத வேறொரு மாணவிக்கு உதவியாக அவளை அனுப்பினார் கத்தரி. இந்தத் தடவை அவளே முந்திக்கொண்டு, நீரேற்று அறையில் இருப்பது அப்பா என்று சொல்லிவிட்டாள். "அப்போ அங்க அவ பேசட்டும். நீ வழியை மட்டும் காட்டு" என்றார் கத்தரி.

இரண்டு பேரும் போனார்கள். மோட்டார் இரைச்சலில் மாணவி கத்திக் கேள்வி கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற மகளையும் பார்த்தார். "பதிவாளர் அலுவலகத்துல அனுமதி எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாணவி திகைத்துப்போய், "இப்ப என்ன செய்யறது? பேச மறுத்துட்டார்னு போட்டுடலாமா?" என்றாள்.

"அவர் மறுக்கலை. அனுமதி கேட்டார். அப்படியே எழுது" என்றாள் மகள். பிறகு இருவரும் பதிவாளர் அலுவலகம் மூடுவதற்குள் போய்விட வேண்டுமென்று வெயிலில் வேகமாக நடந்தார்கள்.