மகனின் பிணையும் தவக்காலச் சமாதானமும்

இதை எழுதவா விடவா என்று பல வருடங்கள் தயங்கினேன். இதில் வரும் மற்ற வீட்டாரும் நாங்களும் ஒரே கத்தோலிக்கக் கோவிலுக்குத்தான் போகிறோம். ஆனால் நான் பேசாமல் இருக்க, ஊரில் கதை வேறு விதமாக உலாவுகிறது. ஆகையால் மாதாவை மன்றாடிவிட்டு எழுதுகிறேன்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் தலைமன்னாருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறியிருந்த காலம். வலை அறுந்ததைப் பற்றிக் கரையில் என் மகனுக்கும் இன்னொருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. மகன் தள்ளினான். அவர் வள்ளத்தில் தலை அடிபட்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்தில் நின்று கண்டவர் அவருடைய மனைவி. மகனைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

“கொலை வழக்கெண்டா நீதவான் பிணை குடுக்கேலாது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும்,” என்றார் எங்கள் சட்டத்தரணி. “செய்தவனோ இல்லையோ எண்டு அங்க இப்ப தீர்க்க மாட்டினம். வெளியில விட்டா ஓடுவானோ, சாட்சியைக் குழப்புவானோ, ஊரில பிரச்சினை வருமோ, அதைத்தான் பாப்பினம்.”

“எங்க சேர் ஓடுறது? சுத்திவரக் கடல்,” என்றேன்.

“அதைத்தான் அரச பக்கத்துச் சட்டத்தரணியும் சொல்லப்போறார். உங்களுக்குக் கடல் றோட்டு மாதிரி.”

மனு விசாரணைக்கு வருமுன் தவக்காலம் வந்தது. மனத்தாங்கல் உள்ள வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவோம். என் மனைவி தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு இறந்தவரின் வீட்டுக்குப் போனாள். வெறுங்கையோடுதான் போனாள். இறந்தவரின் மனைவியான அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுதாளாம்.

“அக்கா, நீங்கள் வந்தது நல்லது. ஆனா நான் கண்டதைத்தான் சொல்லுவன்,” என்றதாம் அது.

“சொல்லு பிள்ளை. கண்டதைத்தான் சொல்லவேணும்,” என்றாளாம் இவள்.

இறந்தவரின் தம்பி இதைப் பொலிசில் முறையிட்டார்.

விசாரணை நாளில் அரச சட்டத்தரணி மகன் கடலால் இந்தியாவுக்கு ஓடிவிடுவான் என்றார். எங்களவர் புது வீட்டையும் மகனின் பெண்சாதி பிள்ளையையும் காட்டிப் பதில் சொன்னார். நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பொலிஸ் அறிக்கை வாசிக்கப்பட்டது. சந்தேகநபரின் தாய் சாட்சியின் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அதில் இருந்தது. பிணை மறுக்கப்பட்டது.

வெளியில் வந்ததும் சட்டத்தரணி தலையில் கை வைத்தார். “அம்மா, ஊரில வேற வீடே கிடைக்கேல்லையா உங்களுக்கு?”

“போகாம நான் எப்பிடித் தம்பி நற்கருணை வாங்கிறது?” என்றாள் என் மனைவி.

“நீங்கள் அழுததை நான் நம்புறன். நீதிபதியும் நம்பியிருப்பார். ஆனா அந்தப் பிள்ளை சாட்சிக்கூண்டில ஏறேக்குள்ள உங்கட அழுத முகம் அதுக்கு முன்னால நிக்கும். அதுக்குத்தான் நீதிமன்றம் பயப்பிடுது.”

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதிலும் நியாயம் இருப்பது தெரிந்தது.

பிறகு நீதவான் நீதிமன்றத்தில் நடந்த ஆரம்ப விசாரணையில் அந்தப் பிள்ளை சத்தியம் செய்து சாட்சி சொன்னது. என் மகன் தள்ளினதைக் கண்டபடியே சொன்னது, எதையும் குறைக்கவில்லை. சந்தேகநபரின் தாய் வந்து என்ன கேட்டார் என்று வினவினார்கள். “ஒண்டும் கேக்கேல்ல. கண்டதைச் சொல்லு எண்டுதான் சொன்னா,” என்றது.

சாட்சியம் பதிவாகிவிட்டதால் இனிக் குழப்புவதற்கு அதிகம் இல்லை என்று சட்டத்தரணி மறுபடி மனுப் போட்டார். இந்தமுறை நீதிபதி பிணை கொடுத்தார். மகன் தலைமன்னாருக்குள் கால் வைக்கக் கூடாது, ஞாயிறுதோறும் பொலிசில் கையெழுத்து வைக்கவேண்டும், எங்கள் வீட்டார் யாரும் சாட்சியோடு பேசக் கூடாது என்று நிபந்தனை. அவன் அரிப்பு என்ற ஊரில் என் மச்சான் வீட்டில் இருந்தான். தாய் அங்கே போய்ப் பார்த்து வந்தாள்.

வழக்கு முடியும்வரை பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் என் மனைவி தலை குனிந்து நிற்பாள். அந்தப் பிள்ளை இரண்டு வரிசை வாங்கு தள்ளி நிற்கும். கையெடுத்துக் கும்பிட்டால்கூடக் குற்றமாகுமோ என்று இவளுக்குப் பயம்.

நாங்கள் காசு கொடுத்துச் சாட்சியை வாங்கிவிட்டோம், அது புருசனின் உயிரை விற்றுவிட்டது என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். எங்களைச் சொன்னால் பொறுத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையைச் சொல்வது பாவம். அது தான் கண்டதைச் சொன்னது, நீதிபதி அதைக் கேட்டுப் பிணையைத் தீர்மானித்தார். இந்தக் கதையை யாருக்காவது சொல்வதென்றால், எங்களுக்காகக் கூட்டவும் வேண்டாம், அவர்களுக்காகக் குறைக்கவும் வேண்டாம். இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள்.